களத்துக்கு முந்திய களம்

தமிழிலக்கியத்தில் போருக்குப் பஞ்சமில்லை. வெட்சி தொடங்கிப் புறத்திணையின் பெரும்பகுதி போரைப் பற்றியதே. பரணி என ஒரு பிரபந்த வகையே போர் காரணமாகத் தோன்றியது. அண்மைக் காலத்திலும், 1983 முதல் 2009 வரை இந்நாட்டைச் சுட்டெரித்த யுத்தம் ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பிறந்த தமிழ்க் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் தலையாய பொருளாயிற்று. இத்துணை வளம் படைத்த இலக்கியத்தில் ஓரிடம் மட்டும் பெரிதும் வெறுமையாகவே கிடக்கின்றது. வீட்டை விட்டுப் புறப்பட்ட இளைஞன் போர்க்களத்தை அடையுமுன் சில மாதங்கள் ஓரிடத்தில் தங்குகின்றான். ஆயுதத்தைப் பிடிக்க அங்கேதான் கற்கின்றான். கட்டளைக்குப் பணியவும் அங்கேதான் கற்கின்றான். பயிற்சி முகாம் என்னும் அவ்விடத்தை நம் எழுத்தாளர் எங்ஙனம் கண்டனர், கண்டவர் எதைக் கண்டனர், காணாதவர் ஏன் காணாது விட்டனர் என்பனவே இக்கட்டுரையின் விசாரணை.

இஃது இராணுவத்தாருக்குரிய விஷயம், இலக்கிய மாணவனுக்கு இதில் என்ன அக்கறை எனச் சிலர் கேட்கலாம். ஒரு சமுதாயம் தன் ஏழை மக்களை மனிதராக மதிக்கின்றதா, செலவிடற்குரிய பொருளாக எண்ணுகின்றதா என்பதைப் போர்க்களத்தைக் காட்டிலும் பயிற்சி முகாமே தெளிவாகக் காட்டும். களத்தில் பகைவன் கொல்கிறான் என்று சமாதானம் கூறலாம். முகாமில் பகைவன் இல்லை. அங்கே ஓர் இளைஞன் இறந்தாலோ ஊனமுற்றாலோ, மனம் உடைந்தாலோ, அதற்கு அவனைச் சேர்த்தவரும் பயிற்றியவருமே பொறுப்பு. பொறுப்பு யாருடையது என்னும் வினா எழும் இடத்திலேதான் முற்போக்கு விமர்சனம் தன் பணியைத் தொடங்குகின்றது.

பழந்தமிழ்ப் பாடல்களை முதலில் நோக்குவோம். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் ஒவ்வொருவர் கடமையையும் வகுத்துரைக்கின்றார். பெற்றுப் புறந்தருவது தாயின் கடமை. சான்றோனாக்குவது தந்தையின் கடமை. வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடமை. மன்னனுக்கும் ஒரு கடமை உண்டு. களிற்றை வீழ்த்தி மீள்வது இளைஞனின் கடமையாய் முடிகின்றது. 'சான்றோன்' என்னும் சொல் அக்காலத்தில் வீரனையும் குறித்தது என்று அறிஞர் காட்டியுள்ளனர். அவ்வாறாயின் படைக்கலம் பயிற்றும் பொறுப்பு தந்தையிடம், அதாவது குலத்திடம், இருந்தது எனக் கொள்ளலாம். கற்பிப்பவனும் கற்பவனும் ஒரே இரத்தம். ஆதலால் கற்பவனின் நலத்தைத் தனியே பேசவேண்டிய தேவை அந்தப் புலவருக்கு எழவில்லை. 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையிற் கொடுத்துப் போருக்கு அனுப்புகின்றாள். அவன் வேல் பிடிக்கக் கற்றிருந்தானா என்று நாம் கேட்பதில்லை. பாடலின் வேகம் அக்கேள்வியை அடித்துச் சென்றுவிடுகின்றது. பள்ளிக்கூடத்தில் இப்பாடலை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகக் கற்பிக்கும் ஆசிரியர்களாகிய நாம், அந்தச் சிறுவனின் வயதை ஒருமுறையேனும் மாணவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறோமா?

பாசறையைப் பாடிய பாட்டுகளும் உள. முல்லைப்பாட்டில் பாசறையின் அமைப்பு விரிவாகச் சொல்லப்படுகின்றது. அங்கே பழக்கப்படுவது யானை. கவளம் உண்ண மறுக்கும் யானையைக் கல்லா இளைஞர் வடமொழிச் சொற்களைக் கூறி உண்பிக்கின்றனர். மனிதனுக்கு நிகழும் பயிற்சி அங்கும் காணப்படவில்லை. நெடுநல்வாடையிலே நள்ளிரவில் உறங்காது, புண்பட்ட வீரரைப் பார்த்துவரும் பாண்டியனை நக்கீரர் காட்டுகின்றார். தன் ஏவலால் புண்பட்டவன் முன்னிலையில் ஏவியவன் நேரே வந்து நிற்கவேண்டும் என்னும் அறத்தை அவ்வரிகள் உணர்த்துகின்றன. அந்த அறத்தைப் பாசறையிலிருந்து பயிற்சி முகாமுக்குக் கொண்டுவருதல் பிற்கால இலக்கியத்தின் வேலையாக இருந்தது. அவ்வேலை நெடுங்காலம் நடைபெறவில்லை.

* * *

நவீன முகாம் குலத்தின் கையிலிருந்து பிரிந்தது. அது கூலிக்கு ஆள் சேர்க்கும் அமைப்பு. மலையகத்து மக்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. தோட்டத்திலே விடியற்காலையில் தொழிலாளர் திரளும் இடத்தைப் பெரட்டுக்களம் என்கிறோம். படையினரின் அணிவகுப்பைக் குறித்த 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் மக்களின் நாவில் பெரட்டாயிற்று. நாம் வாழும் லயமும் 'லைன்' என்பதன் திரிபே. பிரித்தானிய இந்தியாவில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைகளையும் அச்சொல்லாலேயே வழங்கினர். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் கட்டிவந்த கங்காணி சேர்ப்பவனாகவும் மேற்பார்ப்பவனாகவும் ஒருங்கே இருந்தான். சேர்க்கும்போது இனிய சொல், சேர்ந்தபின் பிரம்பு. தோட்டமும் இராணுவ முகாமும் ஒரே ஏகாதிபத்தியத்தின் இரு பட்டறைகள் என்பதற்குச் சொல்லாராய்ச்சியே சான்று பகர்கின்றது.

எமது ஊவா மலைகளிலேயே இவ்வரலாறு கண்முன் நிற்கின்றது. தென்னாபிரிக்காவிற் சிறைப்பட்ட போயர் கைதிகளை அடைப்பதற்காக 1900இல் பிரித்தானியர் தியத்தலாவையில் முகாம் அமைத்தனர். பின்னர் அதே இடம் இலங்கை இராணுவத்தின் தலையாய பயிற்சித் தலமாயிற்று. கொஸ்லந்தையிலிருந்து மலையேறினால் சில மணி நேரத்துள் அவ்வூரை அடைந்துவிடலாம். அங்கே பயிலும் இளைஞர் யார்? பெரும்பாலோர் சிங்களக் கிராமத்து ஏழை விவசாயிகளின் பிள்ளைகள். நிலமும் தொழிலும் இல்லாதவனுக்கு நிரந்தரச் சம்பளமும் ஓய்வூதியமும் தரும் வாயில் அது ஒன்றே. அவனைக் கொண்டுவந்து சேர்ப்பதில் தேசபக்தியைக் காட்டிலும் வறுமைக்கே பங்கு அதிகம்.

* * *

இனித் துப்பாக்கிப் பயிற்சியின் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். அதை அறியாது அதைப் பற்றிய இலக்கியத்தை மதிப்பிடுதல் இயலாது. விதிகள் எளியவை. துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கின் திசையையே நோக்கியிருத்தல் வேண்டும். குறிபார்த்துச் சுட முடிவு செய்யும்வரை விரல் விசையைத் தொடலாகாது. சுடுமுன்னும் சுட்டபின்னும் உள்ளே ரவை எஞ்சியுள்ளதா என்று கண்ணாலும் விரலாலும் சோதித்தல் வேண்டும். கொடுத்த ரவை எத்தனை, சுட்டது எத்தனை, மீண்டது எத்தனை என்று களத்தை விட்டு நீங்குமுன் கணக்குத் தீர்த்தல் வேண்டும். செங்கொடி பறத்தல் வேண்டும். இலக்கின் பின்னே சன்னத்தைத் தாங்கும் மண்மேடு இருத்தல் வேண்டும். மேட்டைத் தாண்டும் சன்னம் சென்று விழக்கூடிய எல்லைக்குள் குடியிருப்போ மேய்ச்சலோ இருத்தல் ஆகாது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி உண்டு. ஆபத்தைக் காண்பவன் எவனாயினும், நேற்றுச் சேர்ந்தவனாயினும், 'நிறுத்து' என்று உரக்கக் கூவலாம். அவன் கூவியவுடன் அனைவரும் நிறுத்தல் வேண்டும்.

இவ்விறுதி விதியை வாசகர் கருத்தில் இருத்துவாராக. துப்பாக்கிப் பாதுகாப்பின் உயிர்நிலை, கடைநிலை மனிதனின் பேச்சுரிமையிலே தங்கியிருக்கின்றது. அடித்தும் இழித்தும் வாய் அடைக்கப்பட்ட இளைஞன் பக்கத்திலிருப்பவனின் துப்பாக்கி தவறாகத் திரும்புவதைக் கண்டாலும் கூவமாட்டான். உடல்நலம் கெட்டிருந்தும் ஓடுவான். மயங்கி விழும்வரை தாகம் என்று சொல்லான். ஆகவே பாதுகாப்பு வேறு, நலன் வேறு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுதல் பிழை. அவமதிப்பு நிலவும் முகாமில் விதிப்புத்தகம் எத்துணைப் பெரிதாயினும் அது காகிதமே.

உலகெங்கும் நடந்தவை இதனை மெய்ப்பிக்கின்றன. 1956 ஏப்ரல் 8ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் பரிஸ் தீவு முகாமில் பயிற்சியாசிரியர் ஒருவர் ஒழுங்கு கற்பிப்பதற்காகத் தம் அணியை உப்பங்கழிச் சேற்றுக்குள் நடத்திச் சென்றார். ஆறு இளைஞர் மூழ்கி இறந்தனர். இங்கிலாந்தின் டீப்கட் முகாமில் 1995 முதல் 2002 வரை நால்வர் துப்பாக்கிக் காயத்தால் மாண்டனர். நிக்கொலஸ் பிளேக் 2006இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, அம்மரணங்கள் தற்செயலாகவோ தாமாகவோ நேர்ந்திருக்கலாம் என்ற அளவில் நின்றுவிடவில்லை. பயிற்சி முடியாத இளைஞர் கையில் துப்பாக்கியுடன் காவலுக்கு நிறுத்தப்பட்டமையையும், மேற்பார்ப்போர் போதாமையையும், இழிவாக நடத்தியோர் இருந்தமையையும் சுட்டிக்காட்டிற்று. சிங்கப்பூரில் 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். தமிழ் இளைஞரும் அதில் அடங்குவர். அங்கே அடுத்தடுத்து நேர்ந்த பயிற்சி மரணங்களின் பின்னர், 2019இல் பயிற்சியின் வேகம் குறைக்கப்பட்டுப் பாதுகாப்பை மேற்பார்வையிடத் தனி அலுவலகம் நிறுவப்பட்டது. பொதுமக்கள் கேள்வி கேட்ட நாடுகளில் மாற்றம் சிறிதேனும் நிகழ்ந்தது என்பது இவற்றால் விளங்கும்.

நம்மவரிடையே நேர்ந்தவற்றையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைக்கு அருகே, 2021 டிசம்பர் 30ஆம் நாள், மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பயின்றுகொண்டிருந்தனர். பாட்டன் வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் சன்னம் ஒன்று பாய்ந்தது. 2022 ஜனவரி 3ஆம் நாள் அவன் இறந்தான். எமது அயலிலே, 2018 பெப்ரவரி 21ஆம் நாள், தியத்தலாவைக்கும் பண்டாரவளைக்கும் இடையே ககாகொல்லையில் பேருந்தொன்றில் வெடிப்பு நேர்ந்து 19 பேர் காயமுற்றனர். படையாள் ஒருவரிடமிருந்த கைக்குண்டே வெடித்தது என்று அறிவிக்கப்பட்டது. முகாமின் சுவர் முகாமுக்குள் நடப்பதை அடக்கி வைத்திருப்பதில்லை. உள்ளே எண்ணப்படாத ரவை வெளியே ஒரு குழந்தையைத் தேடி வருகின்றது.

* * *

இவ்வளவும் கண்டபின் இலக்கியத்துக்குத் திரும்புவோம். உலக இலக்கியத்தில் இப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த நூல் ரெமார்க் 1929இல் வெளியிட்ட போர் நாவல். 'மேற்கு முனையில் அமைதி' என அறியப்பட்டு, 1933இல் நாஜிகளால் கொளுத்தப்பட்ட அந்நூலில், கதாநாயகனின் அணியைப் பயிற்றுபவன் ஹிம்மல்ஸ்டாஸ். ஊரில் அவன் ஒரு தபாற்காரன். சாதாரண மனிதனின் கையில் வரம்பற்ற அதிகாரம் சேரும்போது அவன் என்னாகின்றான் என்பதை ரெமார்க் வசைமொழி இன்றியே காட்டுகின்றார். அதனினும் கூர்மையானது அந்நாவலின் பள்ளியாசிரியர் பாத்திரம். கன்டொரெக் என்னும் அவர் தாய்நாட்டின் பெருமையை வகுப்பறையில் முழங்கி, வகுப்பு முழுவதையும் ஆட்சேர்ப்பு நிலையத்துக்கு இட்டுச் செல்கின்றார். தயங்கி நின்று, பின் பிறரோடு சென்ற மாணவனே முதலில் மடிகின்றான். ஆசிரியத் தொழிலில் இருப்போர் ஒவ்வொருவரும் அப்பக்கங்களை ஆண்டுக்கொரு முறை படித்தல் நன்று.

தமிழில் இத்துறையில் முதற்படியை வைத்தது கோவிந்தன் என்னும் புனைபெயரில் 1985இல் வெளிவந்த 'புதியதோர் உலகம்'. தமிழ்நாட்டு மண்ணில் அமைந்த ஈழ இயக்க முகாம்களின் உள்வாழ்வை, அவ்வியக்கத்திலிருந்து வெளியேறியவர்கள் அச்சிற்கொணர்ந்தனர். விடுதலை வேட்கையோடு கடல் கடந்த இளைஞன், கேள்வி கேட்டதற்காகவே சந்தேகத்துக்குள்ளாகும் உலகத்தை அங்கே காண்கின்றான். அரசியல் விவாதங்கள் உரையாடலாக நீண்டு கதையோட்டத்தைத் தடுக்கின்றன. பாத்திரங்கள் சில கருத்துகளின் உருவங்களாகவே நின்றுவிடுகின்றன. அவசரத்தில் எழுதப்பட்ட ஆவணத்தின் குறைகள் இவை. ஆயினும் இக்குறைகளைப் பட்டியலிட்டு அந்நூலை ஒதுக்கும் உருவவாதிகளுக்கு நாம் ஒன்று சொல்லல் வேண்டும். 'நிறுத்து' என்று கூவ ஒருவரும் துணியாத இடத்தில் அந்நாவல் கூவிற்று. தன் இனத்தின், தன் இலட்சியத்தின் பெயரால் நடப்பினும் கொடுமை கொடுமையே என்று சொல்லும் நேர்மையே அதன் கலை வலிமை.

ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. தாமே இளம்பருவத்தில் இயக்கத்தில் இருந்தவர் அவர். அகதி விண்ணப்பத்தையும் அடிக்குறிப்புகளையும் கதையின் உறுப்புகளாக்கிய அந்நாவல், வீரக்கதையின் தொனியைக் கேலியால் குலைக்கின்றது. கேலி அங்கே பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் உத்தியன்று. தன்னைப் பெரியவனாக்கிக் காட்டிய அமைப்பினுள் தான் எத்துணைச் சிறுவனாய் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள எழுத்தாளன் கண்ட வழி. எனினும் நகைப்பின் வேகத்தில், சேர்ந்தவர்களைப் பெற்றவர்களின் துயரம் சில இடங்களில் நழுவிவிடுகின்றது.

தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் மறைந்தபின் 2016இல் வெளியாயிற்று. விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைக்குப் பொறுப்பாயிருந்தவர் எழுதிய தன்வரலாறு அது. சேர்க்கப்பட்டவரின் பார்வையோடு சேர்த்தவரின் பார்வையும் ஒருங்கே அமைந்தமை அதன் தனிச்சிறப்பு. இறுதி ஆண்டுகளில் நிகழ்ந்த கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி அவர் எழுதும் பகுதிகளில் சொற்கள் தயங்கித் தயங்கி வருகின்றன. அந்நூலைச் சிலர் துரோகம் என்றனர். வேறு சிலர் தம் அரசியலுக்கு வாய்த்த சாட்சியம் என்று கொண்டாடினர். இரு சாராரும் அதை நூலாகப் படிக்கவில்லை என்றே கருதவேண்டியுள்ளது. பயிற்றப்பட்டவர் பின்னர் பிறரைச் சேர்ப்பவராகின்ற சங்கிலியை உள்ளிருந்து காட்டியமையே அதன் பயன்.

இம்மூன்று நூல்களும் இயக்க முகாம்களைப் பற்றியவை. அங்கே பயிற்சி தருபவரை 'மாஸ்டர்' என்றே அழைத்தனர். பள்ளியாசிரியருக்குரிய விளி முகாமுக்குச் சென்றது எத்துணைப் பொருள் பொதிந்தது! ஆனால் அரச இராணுவத்தின் முகாமைத் தமிழிலக்கியம் உள்ளிருந்து காணவில்லை. மொழியும் பகைமையும் தடையாய் நின்றமை விளங்கிக்கொள்ளத்தக்கதே. சிங்களக் கலைஞரிலும் பிரசன்ன விதானகே போன்றோர் முகாமின் மறுமுனையையே தொட்டனர். அவரது 'புரஹந்த களுவர' (1997), திறக்கலாகாது என்று முத்திரையிட்ட சவப்பெட்டியோடு வீடு திரும்பும் சிப்பாயின் கதை. பார்வையிழந்த தந்தை அப்பெட்டியைத் திறக்கத் துணிவதே படத்தின் உச்சம். அவன் படையில் சேர்ந்த முதல் நாளை யார் எழுதுவது?

* * *

இரண்டு ஆட்சேபங்களுக்கு விடை கூறுதல் கடமை. கடுமை இன்றி வீரன் உருவாகான் என்பது ஒன்று. கடுமை வேறு, கொடுமை வேறு. மழையில் நடத்துவது கடுமை. காய்ச்சலில் வீழ்ந்தவனை நடத்துவது கொடுமை. முன்னது திறமையை வளர்க்கும். பின்னது அச்சத்தை வளர்க்கும். அஞ்சியவன் கையிலுள்ள துப்பாக்கி அவனுக்கும் அயலானுக்கும் ஆபத்து.

மற்றையது நம் நண்பர் சிலரே எழுப்புவது. யுத்தத்தை எதிர்க்கும் நாம், நம் மக்களை ஒடுக்கிய படையின் சிப்பாய்க்காக ஏன் இரங்கவேண்டும் என்பர். அந்தக் கோபத்துக்குக் காரணமுண்டு. அதனை நான் சிறுமைப்படுத்தேன். ஆனால் 2014 ஒக்டோபர் 29ஆம் நாளை எமது ஊர் மறக்கவில்லை. மீரியபெத்தை லயங்கள் மண்ணுள் புதையுண்டபோது, சேற்றில் இறங்கி நம்மவரின் உடல்களைத் தேடியவர்களுள் அந்தச் சிப்பாய்களும் இருந்தனர். மண்வெட்டி பிடித்த கைகள் உழவன் மகனின் கைகளே. அமைப்பின் குற்றத்தைக் கண்டிப்பது வேறு. அமைப்புத் தின்று துப்பும் ஏழையை வெறுப்பது வேறு. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000 ஒக்டோபர் 25ஆம் நாள், பண்டாரவளைக்கு அண்மையில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர் கும்பலால் கொல்லப்பட்டனர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். காவலுக்கு நின்ற பொலிசார் அவர்களைக் காக்கவில்லை. 2003இல் ஐவருக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை 2005க்குள் இல்லாதொழிந்தது. எவரும் பொறுப்பாளியாக எஞ்சவில்லை. சீருடை எதுவாயினும், ஆயுதத்தைக் கையிற் கொடுக்கும் நாளிலும் அதை வாங்கிக்கொள்ளும் நாளிலும் அந்த இளைஞனுக்குக் காப்பாளர் இல்லை என்பதையே இரு செய்திகளும் உரைக்கின்றன.

ஆகவே எழுத்தாள நண்பரிடம் கேட்பது இது. முகாமை எழுதுங்கள். அங்கே போடும் சோற்றையும், மருத்துவனிடம் போக அனுமதி கேட்டு நிற்கும் வரிசையையும், வீட்டுக்கு எழுதி அனுப்பாத கடிதத்தையும், ரவைக் கணக்கில் ஒன்று குறைந்த மாலையையும் எழுதுங்கள். சிங்களத்தில் இவற்றை எழுதுவோர் உளரெனின் மொழிபெயருங்கள். வெற்றி தோல்விகளை எழுத வரலாற்றாசிரியர் உளர். ஒருவன் பேச்சை இழக்கும் கணத்தை எழுத இலக்கியத்தாலேயே முடியும்.

ஆசிரிய நண்பரிடம் கேட்பது அதனினும் எளிது. 2011இல் பல்கலைக்கழகம் புகவிருந்த மாணவரை இராணுவ முகாம்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சிக்கு அனுப்பியபோது, ஒழுக்கம் வளரும் என்று மகிழ்ந்தோர் நம் தொழிலிலும் இருந்தனர். வகுப்பறையில் கேள்வி கேட்பவனை அடக்கி, அடங்கியவனை நல்ல மாணவன் என்று பாராட்டும்போது, முகாமின் வேலையில் பாதியை நாமே முடித்துக் கொடுக்கின்றோம். நாளை அவன் எந்தப் படையிற் சேர்வான், எந்த ஆலையில் எந்த இயந்திரத்தின் முன் நிற்பான் என்று நாம் அறியோம். ஆபத்தைக் கண்டால் 'நிறுத்து' என்று கூவும் துணிவை அவன் நம்மிடம் கற்றுச் செல்லட்டும்.